கண்ட்ரி, ஃபோக், வேர் இசை: எங்கே தொடங்குவது, யாருக்கு எதைச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், மலைக்கிராமங்களிலும் பருத்திக் காடுகளிலும் சுரங்க ஊர்களிலும் பிறந்த பாட்டுகள். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து, காக்ஸ் டவுனிலிருந்து, ஒயிட்ஃபீல்டிலிருந்து. கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருகிறவர்களும் உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் மாடிப்படியில் நின்றபடி பாதிப் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். முழுப் பதில்கள் இங்கே.

எனக்கு ஜிம் ரீவ்ஸ் மட்டும்தான் தெரியும். அது கண்ட்ரி கணக்கில் வருமா?

தாராளமாக வரும். இந்த ஊர்த் தமிழர்கள் பலருக்கு வாசலே அவர்தான். ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் என்றாலே 1963-இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டு ஞாபகம் வரும். நான் பிறந்தது தங்கவயலில். எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருந்த ஆங்கிலோ இந்திய அங்கிள் கிறிஸ்துமஸ் முடிந்தும் அதை நிறுத்தமாட்டார். பொங்கலன்று அம்மா பானை வைக்கும்போதும் அந்தக் குரல் தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும்.

ரீவ்ஸ் டெக்சஸ்காரர். பாடகராவதற்கு முன் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். மைக்குக்கு ஒட்டி நின்று, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்துப் பாடுவார். பள்ளிக்கூட இங்கிலீஷை மட்டும் கையில் வைத்திருந்த நமக்கு அது பெரிய உபகாரம். 1964 ஜூலை 31 அன்று, அவரே ஓட்டி வந்த சிறு விமானம் நாஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் இடிமழையில் சிக்கி விழுந்தது. அப்போது அவருக்கு வயது 40.

ரீவ்ஸ் பிடித்தவர்களுக்கு அடுத்து பாட்ஸி கிளைன், டான் வில்லியம்ஸ், சார்லி பிரைட் மூவரும் உடனே பிடிக்கும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ரீவ்ஸின் புகழ்பெற்ற பாட்டுகள் பளபளப்பாக்கப்பட்டவை. நாஷ்வில் ஸ்டூடியோக்கள் அந்தக் காலத்தில் கிராமத்து வயலினான ஃபிடிலையும், இழுத்து வாசிக்கிற ஸ்டீல் கிடாரையும் குறைத்துவிட்டு, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்து நகரத்துக் காதுக்கு ஏற்றபடி பாட்டைத் தயாரித்தன. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிய ஹாங்க் வில்லியம்ஸைக் கேளுங்கள். அவர் 1953 புத்தாண்டு தினத்தன்று, 29 வயதில், கச்சேரிக்குப் போகிற வழியில் காரிலேயே இறந்துபோனார். குரலில் ஒரு விரிசல் இருக்கும். அதை மறைக்க அவர் முயன்றதே இல்லை.

கண்ட்ரி, ஃபோக், ரூட்ஸ் என்று மூன்று பெயர் சொல்கிறீர்களே, மூன்றும் வேறு வேறா?

விற்றவர்களுக்கு வேறு வேறு. பாடியவர்களுக்கு அந்தக் கோடு கிடையாது. 1920களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் தெற்கத்திய ஏழை ஜனங்களின் பாட்டைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, வெள்ளையர் பாடியதை 'ஹில்பில்லி' என்று ஒரு பட்டியலிலும், கறுப்பர் பாடியதை 'ரேஸ்' என்று இன்னொரு பட்டியலிலும் போட்டு விற்றன. பல சமயம் இரண்டிலும் இருந்தது ஒரே மெட்டு. ஹில்பில்லி பட்டியல்தான் பிற்பாடு கண்ட்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஃபோக் என்றால் எழுதியவர் பெயர் தொலைந்து வாய்வழியாக வந்த பாட்டு. நம் தெம்மாங்கும் கும்மியும் நடவுப் பாட்டும் மாதிரி. பிறகு உட்டி கத்ரி போல, கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தன் காலத்து ஜனங்களின் கஷ்டத்தைத் தானே எழுதிப் பாடியவர்களையும் அதிலேயே சேர்த்தார்கள். ரூட்ஸ் என்பது எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிற கூடை: ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, லூயிசியானாவில் பிரெஞ்சு பேசுகிறவர்களின் கேஜன் பாட்டு, டெக்சஸ் எல்லையில் மெக்சிகோ வழி வந்தவர்களின் அக்கார்டியன். நான் வேர் இசை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இங்கிலீஷ் வரிகள் பாதி புரியாது. அந்த உச்சரிப்பு வேறு. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜிம்மி ராஜர்ஸ் என்று ஒருவர். மிசிசிப்பி மாநிலத்துக்காரர், ரயில்வேயில் பிரேக்மேன் வேலை பார்த்தவர். காசநோய் வந்து அந்த வேலை போனது, பாட்டு வந்தது. நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று மேல்குரலுக்குத் தாவித் திரும்பும் யோடெல் அவருடைய அடையாளம். 35 வயதில், 1933-இல் இறந்தார். அவருடைய இசைத்தட்டுகள் எப்படியோ கென்யாவின் கிராமங்கள்வரை போய்ச் சேர்ந்திருந்தன. 1950-இல் ஹியூ ட்ரேசி என்ற சேகரிப்பாளர் அங்கே கிப்சிகிஸ் இனத்து இளம்பெண்கள் பாடிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாட்டில் 'செமிரோச்சா' என்று ஒரு பெயர் வருகிறது. அது ஜிம்மி ராஜர்ஸ் என்ற பெயர்தான், அவர்கள் வாய்க்குத் தகுந்தபடி மாறியது. இங்கிலீஷ் தெரியாத ஊர், முகம் தெரியாத மனிதர், பாதி மனிதன் பாதி மான் என்றே அவரைக் கற்பனை செய்துகொண்டு அவரை ஆட வரச்சொல்லிப் பாடினார்கள்.

அதனால் முதல் தடவை வரியைத் துரத்தாதீர்கள். குரலையும் தாளத்தையும் கேளுங்கள். பிடித்தால் இரண்டாம் தடவை வரிகளைத் தேடி வைத்துக்கொண்டு படியுங்கள். பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான்: மலை, அம்மா, ரயில், சிறை, ஆறு, சனிக்கிழமைச் சம்பளம்.

சரி, முதலில் எதைக் கேட்க வேண்டும்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் கொடுக்கமாட்டேன். அதற்குப் பதிலாக நான் ஒன்று கேட்பேன்: சின்ன வயதில் உங்கள் வீட்டில், தெருவில், கோயில் கொடையில் என்ன பாட்டுக் கேட்டீர்கள்? அந்தக் காதுக்குத் தோதான கதவு ஒன்று அங்கேயும் இருக்கும்.

நெல்லைப் பக்கத்துக்காரர் ஒருவர் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை கேட்டு வளர்ந்தவர். சாதி விட்டுப் போய் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, மாமனார் மாடுகளைக் காக்கப் போய்க் கொல்லப்பட்ட பட்டனின் கதை. அவரிடம் கிடார் வித்தை எல்லாம் காட்டக்கூடாது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்திலிருந்து கப்பலேறி அப்பலாச்சியன் மலைகளுக்கு வந்து சேர்ந்த கதைப்பாடல்களைத்தான் கொடுக்க வேண்டும். காதல், சூது, ஆற்றில் தள்ளிக் கொலை, ஆவி வந்து சாட்சி சொல்வது என்று எல்லாம் உண்டு. அந்த வகைப் பாடல்களை ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற பேராசிரியர் 305 என்று எண் போட்டுத் தொகுத்தார். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பிலஸும் மலையேறிப் போனபோது, இங்கிலாந்தில் மங்கிக்கொண்டிருந்த பாட்டுகளை மலைக்குடிசைப் பாட்டிகள் பிசகாமல் பாடினார்கள். நம்மூரில் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்தது இதே வேலை. இந்த வழியில் நுழைய கென்டக்கியின் ஜீன் ரிச்சி நல்ல துணை. மடியில் டல்சிமர் என்ற தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் அம்மா பாடுகிற மாதிரியே பாடுவார்.

ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்கு ரால்ஃப் ஸ்டான்லி. வர்ஜீனியாக்காரர், மலைத் தேவாலயத்தில் வாத்தியமில்லாமல் பாடிப் பழகிய தொண்டை. சாவைப் பார்த்து இன்னும் ஒரு வருஷம் கொடு என்று கெஞ்சுகிற பழைய பாட்டை அவர் தனிக்குரலில் பாடும்போது எங்கள் மாடியில் யாரும் தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறப்பதில்லை.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் ஃபிடிலிலிருந்து தொடங்கலாம். ஃபிடில் வேறு, வயலின் வேறு அல்ல. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்து தரையில் உட்கார்ந்து, தலையைக் காலில் சாய்த்துக்கொண்ட அதே வாத்தியம், அந்த மலைகளில் தாடைக்குப் போகாமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வட கரோலினாவின் டாமி ஜாரல் வாசிப்பதைக் கேளுங்கள். ஒரு தந்தி மெட்டைச் சொல்ல, பக்கத்துத் தந்தி கூடவே ஒலிக்கும். பாஞ்சோ என்கிற, தோல் போர்த்திய தந்தி வாத்தியத்திலும் அப்படித்தான்: ஐந்தாவதாக ஒரு குட்டைத் தந்தி, கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தட்டுகிற ஒரே சுரம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து பிடிக்கிறவரைக் கவனித்த காதுக்கு இது புதிதே இல்லை.

சர்ச் கீர்த்தனைகளில் வளர்ந்தவருக்கு கார்ட்டர் குடும்பம். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1927 கோடையில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்ற ஊரில், தொப்பி வியாபாரக் கட்டடத்தின் மாடியில் ஒலிப்பதிவுக் கருவியை இறக்கினார். டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவிலான எல்லை அந்த ஊர்க் கடைத்தெருவின் நடுவிலேயே ஓடுகிறது. ஆகஸ்ட் 1 அன்று ஏ.பி. கார்ட்டரும், மனைவி சாராவும், சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெலும் மலைப்பாதையில் கார் ஓட்டி வந்து பாடினார்கள். மேபெலுக்கு 18 வயது, நிறைமாதத்துக்குப் பக்கம். சரியாக மூன்று நாள் கழித்து, மேலே சொன்ன ஜிம்மி ராஜர்ஸும் அதே மாடியில் பாடினார். ஒரே வாரம், ஒரே அறை. மேபெல் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரலால் மெல்லிய தந்திகளைத் தடவித் தாளம் போடுவார். அதுவரை தாளத்துக்குப் பின்பாட்டாக இருந்த கிடாரை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கட்டைவிரல்தான் என்பேன்.

அந்த இழுவைச் சத்தம், அழுகிற மாதிரி வருமே, அது என்ன வாத்தியம்?

ஸ்டீல் கிடார். பிறந்த இடம் ஹவாய்த் தீவுகள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர், கிடாரை மடியில் படுக்கப்போட்டு, தந்தியை விரலால் அழுத்தாமல் இரும்புத் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அது அமெரிக்கா போய்க் கண்ட்ரியின் கண்ணீர் ஆனது. நம் நாட்டுக்கும் வந்தது: ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா ஸ்டீல் கிடாரில் இந்துஸ்தானி வாசித்தார். விஸ்வமோகன் பட் கிடாரையே மாற்றி மோகன வீணை ஆக்கினார். அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடருடன் அவர் வாசித்து 1993-இல் வந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' கிராமி வாங்கியது.

நமக்கு இது ஏன் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது என்றால், கோட்டுவாத்தியம் கேட்டவர்கள் நாம். கட்டையை வழுக்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்தப் பாதைதான் நமக்குப் பாட்டே. சங்கீதம் தெரிந்த, கண்ட்ரி என்றால் முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஜெர்ரி டக்ளஸின் டோப்ரோ, இதே மாதிரி வழுக்கி வாசிக்கிற ஒரு கிடார். இதுவரை யாரும் எழுந்து போனதில்லை.

ஆனால் இது வெள்ளைக்காரர்களின் இசைதானே?

இந்தக் கேள்வியை மனசார வரவேற்கிறேன். அப்படித்தான் விற்கப்பட்டது. அப்படிப் பிறக்கவில்லை.

பாஞ்சோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் நினைவிலும் கையிலும் வந்தது. சுரைக்குடுக்கை, மேலே போர்த்திய தோல், ஒரு கழி. காம்பியா, செனகல் பக்கம் ஜோலா மக்களிடம் அகொன்டிங் என்ற உறவுக்கார வாத்தியம் இன்றும் இருக்கிறது. ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிடார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். நாஷ்வில் வானொலியின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சிக்கு 1927-இல் அந்தப் பெயர் வைக்கப்பட்ட இரவில் முதலில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி, மவுத் ஆர்கனில் ரயிலை ஓடவிட்ட கறுப்பினக் கலைஞர். 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கண்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005-இல். அவர் இறந்து 23 வருஷம் கழித்து.

லெஸ்லி ரிடிலை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கும். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கிடார் கலைஞர். ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போனபோது இவரைக் கூட்டிப்போனார். வரிகளை ஏ.பி. எழுதிக்கொள்வார், மெட்டை மனசில் வாங்கிக்கொண்டு வந்து மேபெலுக்கு வாசித்துக் காட்டியது ரிடில். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. சாவு வீட்டில் பறையை அடிக்கச் சொல்லிவிட்டு, அதை வாசித்தவரைத் திண்ணையில் ஏற்றாத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ரியானன் கிட்டன்ஸைக் கட்டாயம் கேளுங்கள். வட கரோலினாவில் ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கு நண்பர்களோடு வாராவாரம் போய், எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். குருகுலம் என்ற சொல்லை நான் இங்கே தயங்காமல் பயன்படுத்துவேன்.

ஒரு பாட்டுப் பிடித்துவிட்டது. அடுத்ததை எப்படித் தேடுவது? ஆப் கொடுப்பதையே கேட்கலாமா?

ஆப் உங்களுக்குப் பிடித்ததைப் போலவே இருப்பதைக் கொடுக்கும். பத்தாவது பாட்டில் சலித்துவிடும். பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்தப் பாட்டைப் பாடியவர் யாரிடம் கற்றார்? பின்னால் டோப்ரோ வாசித்தது யார்? இதே பாட்டை இவருக்கு முன்னால் யார் பாடினார்? ஒரே பாட்டை நான்கு பேர் பாடிக் கேட்பதைப் போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டு களஞ்சியங்களைச் சொல்லியே ஆக வேண்டும். மோசஸ் ஆஷ் 1948-இல் தொடங்கிய ஃபோக்வேஸ் கம்பெனி இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்திடம் இருக்கிறது. விற்பனை ஆகிறதோ இல்லையோ, எந்த இசைத்தட்டையும் கைவிடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒவ்வொரு தட்டோடும் வந்த விளக்கக் குறிப்புகளை அவர்கள் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். யார், எந்த ஊர், யாரிடம் கற்றது என்று எல்லாம் இருக்கும். 1952-இல் ஹாரி ஸ்மித் 84 பழைய பாட்டுகளைத் தொகுத்து அவர்களிடம் வெளியிட்டார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்று வேண்டுமென்றே குறிப்பிடாமல் விட்டார். அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இன்னொன்று, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸின் பதிவுகள். சிறையில், வயலில், வீட்டுத் திண்ணையில் எடுத்தவை. நிறையப் பதிவுகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

பழைய பதிவெல்லாம் வறுகடலை பொரிகிற மாதிரி சத்தமாக இருக்கிறதே?

ஹெட்ஃபோன் வேண்டாம், அறையில் ஸ்பீக்கரில் மெதுவாகப் போடுங்கள். மூன்றாவது பாட்டில் காது அந்தச் சத்தத்தைத் தள்ளிவைத்துவிடும். முடியவில்லை என்றால் 1960களில் டாக் வாட்சன் பாடியவற்றிலிருந்து தொடங்குங்கள். கண் தெரியாத மலைநாட்டுக்காரர், தெளிந்த நீர் மாதிரி கிடார்.

நண்பர்களுக்கும் வீட்டாருக்கும் பாட்டு அனுப்புகிறேன். யாரும் கேட்பதே இல்லை. ஏன்?

ஒருமுறை கூட வேலை பார்க்கும் ஒருவர் ஆசையாகக் கேட்டாரே என்று இரவெல்லாம் உட்கார்ந்து 60 பாட்டு அனுப்பினேன். மறுநாள் "நல்லா இருந்துச்சுங்க" என்றார். முதல் பாட்டில் பாதியைத் தாண்டவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தப்பு அவருடையதில்லை. 60 பாட்டு என்பது வேலை. ஒரு பாட்டு என்றால் அது கொடுப்பது.

அதன்பின் என் வழக்கம் இது. ஒருவருக்கு ஒரு பாட்டு. கூடவே இரண்டு வரி: யார் பாடியது, உங்களுக்கு ஏன் இது. கூடுமானால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. முடிந்ததும் "எப்படி?" என்று கேட்காமல் இருப்பது. இதுதான் கஷ்டம்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் துளை போடும் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிற ஆழம். 2001-இல் சுரங்கம் மூடியபின் என்னோடு பெங்களூர் வந்தார். இங்கிலீஷ் பாட்டு அவருக்கு எதிர்வீட்டு அங்கிள் சமாச்சாரம். ஒருநாள் மெர்ல் டிராவிஸின் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டைப் போட்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். டிராவிஸ் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1946-இல் அதைப் பதிவு செய்தார். டென்னசி எர்னி ஃபோர்ட் பாடி அது 1955-இல் உலகமெல்லாம் போனது. எவ்வளவு கரி அள்ளினாலும் கம்பெனிக் கடையில் கடன் தீராத ஆளின் பாட்டு. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார்: "அங்கயும் கடனுக்குத்தான் அரிசி போட்டானா?" மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அவராகவே, "அந்த ஆளு வேற பாட்டுப் பாடியிருக்கானா?" என்றார்.

அப்படி ஆரம்பித்து, 1931-இல் கென்டக்கியின் ஹார்லன் சுரங்கப் போராட்டத்தில் ஃபுளோரன்ஸ் ரீஸ் என்ற தொழிலாளியின் மனைவி, எழுதத் தாள் இல்லாமல் சுவர்க் காலண்டரைக் கிழித்து எழுதிய பாட்டு வரைக்கும் கேட்டார். காலண்டர் விஷயத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பாடகி ஹேசல் டிக்கன்ஸின் குரலும் அவருக்குப் பிடித்தது. ஆனால் கரித்தூள் நுரையீரலில் ஏறிச் செத்த தன் அண்ணனுக்காக ஹேசல் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. அதை மட்டும் அப்பாவுக்கு நான் போடவில்லை. அப்பாவுடைய நெஞ்சிலும் கல்தூசி இருந்தது. அவர் போகும்வரை போடவில்லை. அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாருக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரிவதும் இதில் பாதி.

எல்லாமே சோகமாக இருக்குமோ?

இல்லவே இல்லை. ஃபிடில் பாட்டுகளில் பெரும்பாலானவை ஆடுவதற்கென்றே உண்டானவை. லூயிசியானாவின் கிளிஃப்டன் ஷெனியேவை ஒரு சனிக்கிழமை இரவு போட்டுப் பாருங்கள். அக்கார்டியனும், மார்பில் மாட்டிய தகரப்பலகையைத் தேய்க்கிற தாளமும் சேர்ந்தால் வீட்டில் ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு எதைப் போடலாம்?

எலிசபெத் காட்டன். இவர் கதையைச் சொல்லிவிட்டுப் போடுங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். வட கரோலினாவில் பிறந்த கறுப்பினச் சிறுமி, இடதுகைப் பழக்கம். அண்ணன் வாத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தானே கற்றுக்கொண்டார். வீட்டுப் பக்கத்தில் போகும் சரக்கு ரயிலைப் பார்த்துச் சிறுவயதிலேயே ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு கல்யாணம், வீட்டுவேலை. பல பத்தாண்டுகள் கிடாரைத் தொடவில்லை. ஒருநாள் பெரிய கடையொன்றில் வழிதவறி நின்ற குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தார். அந்தக் குழந்தை பெக்கி சீகர், இசைக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கே சுவரில் தொங்கிய கிடாரை மறுபடி கையில் எடுத்தார். முதல் இசைத்தட்டு 1958-இல், 60 வயது தாண்டி. கிராமி விருது 1985-இல், 90ஐத் தொட்ட வயதில்.

புதியவர்கள் யாரும் இல்லையா?

நிறைய இருக்கிறார்கள். கில்லியன் வெல்ச், டைலர் சைல்டர்ஸ், பில்லி ஸ்டிரிங்ஸ் மூவரையும் கேளுங்கள். மூவரும் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்று தேடினால் மேலே சொன்ன பெயர்களிலேயே வந்து நிற்பீர்கள்.

பெங்களூரில் நேரில் கேட்க என்ன இருக்கிறது?

கண்ட்ரி பாடும் உள்ளூர்க் குழுக்கள் அவ்வப்போது மேடையேறுகின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் வேர் இசையை இந்த ஊரில் தேடினால் நீங்கள் கன்னடத்துக்குத்தான் போக வேண்டும், போகவும் வேண்டும். மைசூர் சாலையில் ராமநகரம் பக்கம் எச்.எல். நாகேகௌடா உருவாக்கிய ஜானபத லோகா இருக்கிறது. ஒரு நாளை ஒதுக்கி வாத்தியங்களை நிதானமாகப் பாருங்கள். மலை மாதேஸ்வரன் கதையைப் பாடும் கம்சாளைக்காரர்கள் வெண்கலத் தாளத்தைச் சுழற்றி ஆடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜே.பி. நகரில் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளோடு போகலாம்.

பக்கத்துவீட்டுக் கன்னடக்காரரிடம் சிசுநாள ஷரீஃபரைப் பற்றிக் கேளுங்கள். முஸ்லிமாகப் பிறந்து, கோவிந்த பட்டரைக் குருவாகக் கொண்டு தத்துவப் பாட்டுப் பாடியவர், 1889-இல் மறைந்தார். சி. அஸ்வத் குரலில் அவருடைய பாட்டுகள் இந்த ஊர் முழுக்கத் தெரியும். எனக்கு அவரை அறிமுகம் செய்தது எங்கள் தெரு இஸ்திரிக்காரர். பதிலுக்கு நான் அவருக்கு ஒரு ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டுக் கொடுத்தேன்.

நம் நாட்டுப்புறப் பாட்டே கடலளவு இருக்கும்போது இது எதற்கு?

கொல்லங்குடி கருப்பாயியை நான் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்ததே இந்தப் பாட்டுகளுக்குப் பிறகுதான். சினிமாவில் வந்த பாட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஜீன் ரிச்சிக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்துக் கேட்டபோது, அந்தக் குரல் நினைத்த இடத்தில் மெட்டை நிறுத்தி நினைத்த இடத்தில் எடுப்பது புரிந்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள், இந்த வாரமே செய்யக்கூடியது. உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். ஃபோனை விமான நிலையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஃபோனை அவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி மெத்தென்ற துணிமேல் வையுங்கள். ஆரம்பத்தில் உங்கள் குரலில் தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், யாரிடம் கற்றார், எந்த வேலைக்குப் பாடியது என்று சொல்லிவிடுங்கள். நடுவில் இருமினாலும் குக்கர் கூவினாலும் நிறுத்தாதீர்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.

என் அத்தை குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தங்கவயல் வந்தவர். போன தையில் அவரை உட்காரவைத்து நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தேன். ஆறு நிமிஷம். "போட்டுக் காட்டு" என்றார். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், நடுவில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அந்த எடம் தப்பு. எங்க அம்மா அப்படிப் பாடாது. மறுபடி எடு."